27 வருடப் பழைய ஃபிளாட்: வாங்கும் முன் இன்ஜினியரை வைத்துக் கட்டடத்தைச் சோதிக்க வேண்டுமா?

ஆதம்பாக்கம்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக அலைந்து ஒரு வீடு மனதுக்குப் பிடித்திருக்கிறது. நங்கநல்லூரில் 1998-ல் கட்டிய அடுக்ககம், தரைத்தளம் சேர்த்து மூன்று தளம், மொத்தம் எட்டு வீடு. நாங்கள் பார்ப்பது மேல்தளம். 860 சதுர அடி, யூடிஎஸ் (மனையில் அந்த வீட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) 440, விலை 66 லட்சம் சொல்கிறார்கள். ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து போகும் தூரம், அம்மாவுக்கு அதுவே போதும் என்கிறார்.

பத்திர விஷயத்தில் குறை வைக்கவில்லை. 30 வருட வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா, பிளான் அப்ரூவல் எல்லாவற்றையும் வக்கீல் பார்த்துவிட்டு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வங்கியிலிருந்தும் வேல்யூவர் வந்தார். வாசலில் ஒரு போட்டோ, ஹாலில் ஒரு போட்டோ, டேப்பை வைத்து இரண்டு அறையை அளந்தார், பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். லோன் பாஸ் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. வீடு முழுக்கப் புது பெயின்ட் வாசனை. படுக்கையறை சீலிங்கில் ஜன்னல் பக்க மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வெள்ளை கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. இரண்டாவது முறை போனபோது சமையலறை லாஃப்ட் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே பெயின்ட் அடிக்கவில்லை, பின்சுவரில் மேலிருந்து கீழே டீ சிந்தினாற்போல் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை, ஆனால் சுவர் மாவு மாதிரி உதிர்ந்தது. புரோக்கரிடம் கேட்டால், "பழைய வீடுன்னா அப்படித்தான் சார், ஒரு கோட் அடிச்சா போயிடும்" என்றார்.

50,000 டோக்கன் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் அக்ரிமென்ட் போட்டு 6 லட்சம் அட்வான்ஸ் தர வேண்டும். இந்த நிலையில் தனியாக ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துப் போய்க் காட்டலாமா? நம் ஊரில் யாராவது அப்படிச் செய்கிறார்களா? எவ்வளவு ஆகும், என்னென்ன பார்ப்பார்கள், ஓனர் தப்பாக எடுத்துக்கொள்வாரா? அப்பா, "நாலு இடத்துல தட்டிப் பாத்தா தெரிஞ்சுடும், இதுக்கு எதுக்குக் காசு" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எங்கள் மொத்தச் சேமிப்பும் இதில்தான் போகிறது.

மூன்றாவதுமாடி:

தயவுசெய்து காட்டிவிட்டு வாங்குங்கள். நான் காட்டாமல் வாங்கியவன்.

2019 ஏப்ரலில் மடிப்பாக்கத்தில் மேல்தள வீடு வாங்கினேன். நீங்கள் சொன்ன அதே புது பெயின்ட், நல்ல வெயில் காலம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். அக்டோபர் கடைசியில் மூன்று நாள் மழை பெய்தது. நான்காம் நாள் காலையில் எழுந்தால் ஹால் சீலிங்கில் பெரிய தட்டு அளவுக்கு ஈரவட்டம். ஒரு வாரத்தில் அது பட்டியோடு சேர்த்துப் பெயர்ந்து சோபா மேல் விழுந்தது. உள்ளே பார்த்தால் கம்பி. அதுவும் கம்பியாக இல்லை, விரலால் தேய்த்தால் செதில் செதிலாகத் துரு வந்தது. அந்த இடத்தில் முன்பே ஒரு முறை பெயர்ந்து, வெறும் சிமென்ட் கலவையை அப்பி மேலே பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள் என்று அப்புறம் கொத்தனார் சொன்னார்.

மேல்தளம் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, ஆனால் ஒழுகுவது உங்கள் வீட்டில் மட்டும். பழைய தட்டோட்டை உடைத்து எடுத்து, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு, மறுபடி ஓடு பதிக்க எங்களுக்கு 4 லட்சத்துக்கு மேல் ஆனது. கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், "எங்களுக்கு ஒழுகவில்லையே" என்று பங்கு தர மறுத்தார்கள். ஒரு வருடம் இழுத்தது. அந்த ஒரு வருடமும் மழை வந்தால் குழந்தையை எந்த அறையில் படுக்க வைப்பது என்பதுதான் எங்கள் பேச்சு. கடைசியில் அவர்கள் பங்கையும் நானே போட்டேன்.

லாஃப்டுக்குள் பார்த்தீர்களே, அதுதான் சரியான இடம். பெயின்ட் அடிக்கிறவர்கள் அங்கே கை வைப்பதில்லை. சிங்க் அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், ஏசி பைப் வெளியே போகும் ஓட்டையைச் சுற்றி, பூஜை அலமாரியின் உள்பக்கம், இவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆனால் நாம் பார்ப்பது நம் மனத் திருப்திக்கு. அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.

சிவில்22:

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், 22 வருடமாகச் சென்னையில் இந்த வேலைதான். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதில் ஆரம்பித்து, இப்போது வாங்கும் முன் பார்த்துச் சொல்லும் வேலையும் அதிகம் வருகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வங்கி வேல்யூவரைப் பற்றி. அவர் வந்தது உங்களுக்காக இல்லை. கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா, பிளானில் உள்ளபடி இருக்கிறதா, சந்தை விலை என்ன, இதுதான் அவர் வேலை. யூடிஎஸ் மதிப்பே கடனுக்குப் போதுமானதாக இருந்தால் சீலிங் ஒழுகுவது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. லோன் கிடைத்தது என்பதால் கட்டடம் நன்றாக இருக்கிறது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த ஒரு இடத்தில்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

1998 கட்டடம் என்றீர்கள். அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்தது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456-ன் 1978 பதிப்பு. அதில் ஸ்லாபின், அதாவது கூரைத் தளத்தின் கம்பிக்கு அடியில் 15 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்தால் போதும். எம்15 என்ற வலிமை குறைந்த கலவையும் அனுமதி. 2000-ல் வந்த பதிப்பில்தான் குறைந்தபட்சம் எம்20 என்று ஆக்கினார்கள், சுற்றுச்சூழலைப் பொறுத்து 20, 30, கடலோரம் என்றால் 45 மில்லிமீட்டர் என்று கம்பியை மூடும் கான்கிரீட் கனத்தையும் கூட்டினார்கள். 15 மில்லிமீட்டர் என்பதே குறைவு. சைட்டில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் சரியாக வைக்காமல் விட்டிருந்தால் அது 8, 10 என்று போயிருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை இருக்கும், அதுதான் கம்பியைத் துருவிலிருந்து காப்பது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அது கம்பி வரை எட்டிவிட்டால், அதோடு மேலிருந்து தண்ணீரும் இறங்கினால், துரு ஆரம்பம். துரு இரும்பை விட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் கீழ்ப்பக்கம் பிளந்து பெயர்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் இன்னும் சீக்கிரம் நடக்கும். நங்கநல்லூரில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் கட்டும்போது உப்பான போர் தண்ணீர் விட்டிருந்தால் எங்கே இருந்தாலும் வரும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பெயர்ந்த இடத்தில் கான்கிரீட்டைக் கொஞ்சம் புதிதாக உடைத்து ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி பளிச்சென்று ரோஜா நிறமாகும். காரம் போன பகுதி நிறம் மாறாது. வெளிப்பரப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் நிறம் மாறாமல் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தால், கம்பி பாதுகாப்பில் இருக்கிறதா இல்லையா என்று வீட்டுக்காரரின் கண் முன்னாலேயே காட்டிவிடலாம். இதை ஒரு தடவை பார்த்தவர்கள் அப்புறம் பெயின்ட்டை நம்புவதில்லை.

நான் பார்க்கும் வரிசை இது. நேராக மொட்டை மாடிக்குப் போவேன். தட்டோடு தட்டினால் வெற்றோசை வருகிறதா, இணைப்புகள் வாய் பிளந்திருக்கின்றனவா, மழைநீர் குழாய் வாய்க்கு வாட்டம் இருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் ஓவர்ஹெட் டேங்க். அதைத் தாங்கும் குட்டித் தூண்களை யாருமே பார்ப்பதில்லை, வருடம் முழுக்க ஈரத்திலும் வெயிலிலும் நிற்பவை அவைதான். கட்டடத்திலேயே முதலில் கெடுவது பெரும்பாலும் அந்த இடம். பிறகுதான் வீட்டுக்குள் வருவேன். சீலிங்கையும் சன்ஷேடையும் பால்கனி அடிப்பக்கத்தையும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவேன். உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி, தட்டுவதுதான் முதல் சோதனை. நல்ல கான்கிரீட் கணீர் என்று சொல்லும், பிரிந்திருந்தால் காலி டப்பா மாதிரி பொத்தென்று கேட்கும். ஆனால் எங்கே தட்டுவது, கேட்டதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்பது பழக்கத்தில்தான் வரும். ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்தால் காய்ந்த மாதிரி தெரியும் சுவருக்குள் இருப்பது தெரியும்.

விரிசல் எல்லாமே ஆபத்து இல்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பயந்துபோய் நல்ல வீட்டை விட்டவர்களும் உண்டு. பூச்சில் வலைபோல் ஓடும் மயிரிழை விரிசல் வெறும் பூச்சுதான். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவதும் பெரிதில்லை. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் போனால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம், களிமண் பகுதிகளில் இது வரும். தூணிலோ பீமிலோ கம்பியின் போக்கிலேயே நீளவாக்கில் போகும் விரிசல் இருந்தால் உள்ளே துரு வேலை செய்கிறது என்று பொருள். பின்னால் சொன்ன இரண்டில் எது தெரிந்தாலும் கான்கிரீட்டின் தரத்தைக் காட்டும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசானிக் சோதனை எல்லாம் செய்யச் சொல்வேன். அதற்குத் தனிக் கட்டணம்.

தரைத்தளத்தில் தூண்களின் காலடி, சம்ப் எந்தத் தூணை ஒட்டி இருக்கிறது, சுவரில் உப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் எதுவரை நின்றது, இதெல்லாம் பார்க்க வேண்டும். வாட்ச்மேனோ எதிர்க்கடைக்காரரோ கையால் காட்டிச் சொல்வார்கள். மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள், 90-களின் வீடுகளில் பல இடத்தில் இல்லை, எர்த்திங்கும் பேருக்குத்தான் இருக்கும்.

என்னால் சொல்ல முடியாததும் உண்டு. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க முடியாது, சுவருக்குள் புதைந்த குழாய் தெரியாது, டைல்ஸ் அடியில் இருப்பது தெரியாது. அதனால் எழுத்தில் கேளுங்கள், போட்டோவோடு. எதை உடனே செய்ய வேண்டும், எதை இரண்டு வருடத்துக்குள், எது தள்ளிப்போடலாம், ஒவ்வொன்றுக்கும் சுமார் எவ்வளவு என்று இருக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் வேலை. 860 சதுர அடிக்கு நான் வாங்குவது அறிக்கையோடு 9,000. ஆளுக்கு ஆள் மாறும். மாநகராட்சியில் பதிவு பெற்றவராகப் பாருங்கள். புரோக்கர் அழைத்து வரும் இன்ஜினியர் வேண்டவே வேண்டாம்.

ஆதம்பாக்கம்வாசி:

சிவில்22 சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. மூன்றாவதுமாடி, உங்கள் பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவரும் காட்டிவிடலாம் என்கிறார். புரோக்கரிடம் இன்று பேசினேன். "இன்ஜினியர்லாம் கூட்டிட்டு வந்தா ஓனர் வேற பார்ட்டிக்குக் கொடுத்துடுவார், ரெண்டு பேர் ரெடியா இருக்காங்க" என்கிறார். ஓனர் வயதானவர், குரோம்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

கீழ்வீட்டுஅக்கா:

தம்பி, புரோக்கரை நடுவில் வைக்காமல் ஓனருக்கு நேரே போன் செய்யுங்கள். நான் போன வருடம்தான் பெரம்பூரில் என் வீட்டை விற்றேன், விற்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். வாங்க வந்த பையன், "ஆன்ட்டி, எனக்கு வீடு பிடித்துவிட்டது, வாங்கப்போவது நிச்சயம், கடன் 20 வருடம் கட்டப்போகிறேன், அதனால் ஒரு தடவை தெரிந்தவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்" என்று மரியாதையாகக் கேட்டான். எனக்குக் கோபமே வரவில்லை. சொல்லப்போனால் இவன் உண்மையாகவே வாங்குவான் என்ற நம்பிக்கை அப்போதுதான் வந்தது. மறைக்க எதுவும் இல்லாதவர்கள் மறுக்க மாட்டார்கள். ஒரேயடியாக மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று. நீங்கள் வாங்கும் வீட்டுக்குக் கீழே இருக்கும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் பாத்ரூம் ஒழுகுவது உங்களுக்குத் தெரியாது, அவர்கள் சீலிங்கில்தான் தெரியும். நான் புது வீடு வாங்கும்போது இதைத்தான் செய்தேன். ஷவரை அரை மணி நேரம் திறந்துவிட்டு, ஒரு தட்டில் இரண்டு ஸ்வீட்டை வைத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தம்மா உள்ளே கூப்பிட்டு பாத்ரூமைக் காட்டினார். மேலே பிளாஸ்டிக் வாளியை ஒரு கொக்கியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்! நாலு வருடமாக ஓனரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாம். பாத்ரூம் தளத்தைத் தாழ்த்தி அதில் செங்கல் துண்டு நிரப்பி மேலே டைல்ஸ் போடுவார்கள் இல்லையா, அந்த நிரப்பல் முழுக்கத் தண்ணீர் குடித்துக் கிடந்தது. முழுவதையும் எடுத்துப் போட ஆகும் 1,40,000-ஐ விலையில் குறைத்துக்கொண்டுதான் வாங்கினேன். வந்த முதல் மாதமே அதைச் சரி செய்தேன். கீழ்வீட்டம்மா இன்றுவரை எனக்கு ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறார்.

கீழ்வீட்டில் பேசினால் கட்டடத்தின் எல்லாக் கதையும் வந்துவிடும். சங்கத்தில் எவ்வளவு பணம் இருக்கிறது, யார் மெயின்டனன்ஸ் கட்டுவதில்லை, லாரித் தண்ணீர் எத்தனை மாதம் வாங்குகிறார்கள், எல்லாம்.

ஹாரோதமிழன்:

நான் லண்டனில் இருக்கிறேன். பெற்றோருக்காகத் தாம்பரம் பக்கம் ஃபிளாட் தேடுவதால் இந்த இழையைப் படித்தேன். இங்கே இது சாதாரணமாக நடக்கும் வேலை, அதனால் எப்படி என்று சொல்கிறேன்.

இங்கிலாந்தில் விலை பேசி முடித்தாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இரு தரப்பும் பரிமாறிக்கொள்ளும் வரை அது யாரையும் கட்டாது. அந்த இடைவெளியில் வாங்குகிறவர் தன் செலவில் வீட்டைச் சோதித்துச் சொல்ல ஒரு சர்வேயரை அமர்த்துவார். ஆர்ஐசிஎஸ் என்ற சர்வேயர்கள் அமைப்பு மூன்று நிலை வைத்திருக்கிறது. சாதாரண வீட்டுக்கு இரண்டாம் நிலை, பழைய வீட்டுக்கோ நிறைய மாற்றிக் கட்டிய வீட்டுக்கோ மூன்றாம் நிலை. அறிக்கையில் கூரை, புகைபோக்கி, சுவர், வடிகால் என்று ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று பச்சை, மஞ்சள், சிவப்பு மதிப்பெண் வரும். நான் வாங்க இருந்த 1930-களின் வீட்டில் கீழே இடத்துக்காகப் புகைபோக்கியின் அடிப்பகுதியை இடித்துவிட்டு, மேலே கூரைக்குள் இருந்த செங்கல் பாரத்தைச் சரியான தாங்கல் இல்லாமல் அப்படியே விட்டிருந்தார்கள். கீழே படுக்கையறை. நாங்கள் இரண்டு முறை போய்ப் பார்த்தும் தெரியவில்லை, சர்வேயர் ஏணி போட்டு ஏறி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். இங்கேயும் வங்கியின் வேல்யூவேஷனையே சர்வே என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் இல்லை.

ஸ்காட்லாந்தில் இதையும் தாண்டி, 2008 டிசம்பரிலிருந்து விற்கிறவர்தான் சர்வே எடுத்து அறிக்கையோடு வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். சில விலக்குகள் உண்டு, ஆனால் பழைய வீடுகளுக்குப் பொதுவாக இதுதான் விதி. நம் ஊரிலும் அப்படி ஒன்று வந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஓய்வுபெற்றவக்கீல்:

சட்டப் பக்கம் இரண்டு வார்த்தை. 1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவில், விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத முக்கியமான குறையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அது பொருந்தாது. சீலிங்கில் நிற வித்தியாசத்தைப் பார்த்தேன், லாஃப்டில் கறையைப் பார்த்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, பார்த்தும் ஏன் விசாரிக்கவில்லை என்பதாகத்தான் இருக்கும். ரேரா எனும் வீடு, மனை ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடப் பொறுப்பு உண்டு, அது கட்டி விற்ற புரோமோட்டருக்கு, சாவி கொடுத்த நாளிலிருந்து. 27 வருடக் கட்டடத்தின் மறுவிற்பனைக்கு அதனால் பயன் இல்லை.

எனவே அக்ரிமென்டுக்கு முன்பே பாருங்கள். முடியாவிட்டால், இத்தனை நாளுக்குள் இன்ஜினியர் சோதனை நடக்கும், கட்டுமானக் குறை தெரியவந்தால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரியை அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். பத்திரச் செலவே, அரசு வழிகாட்டி மதிப்பு, பத்திர விலை இரண்டில் எது கூடுதலோ அதில் ஒன்பது சதவீதம் வரும். பதிவு முடிந்த பிறகு மனம் மாறினால் அந்தப் பணம் திரும்பாது. யூடிஎஸ் 440 என்பது நல்ல அளவு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் கட்டடத்தை இடித்து மறுபடி கட்டலாம், அன்று உங்கள் பங்கு பேசும். ஆனால் அதுவரை அந்தக் கூரைக்குக் கீழ்தான் குடியிருக்கப்போகிறீர்கள்.

ஆதம்பாக்கம்வாசி:

12 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா சொன்னபடி ஓனருக்கு நேரே போன் செய்தேன். "தாராளமா பாருங்க தம்பி, எட்டு வருஷமா வாடகைக்கு விட்டிருந்தேன், உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றார். இன்ஜினியர் போன சனிக்கிழமை வந்தார். சேலையூர்க்காரர், நண்பர் மூலம் கிடைத்தவர். அப்பாவும் கூட வந்தார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.

சமையலறைக் கறை நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. மாடியில் சோலார் ஹீட்டருக்காகப் போட்ட குழாய் ஓட்டையைச் சரியாக அடைக்காததால் இறங்கிய தண்ணீர், இரண்டு நாள் வேலை என்றார். படுக்கையறை மூலைதான் மோசம். தட்டியதும் பொத்தென்று கேட்டது, அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓனரிடம் போனில் அனுமதி வாங்கி ஒரு இடத்தில் உடைத்துப் பார்த்தோம். ஃபினால்ஃப்தலீன் தெளித்ததும் உள்ளே ரோஜா நிறம் வந்தது, ஆனால் வெளிப்பரப்பிலிருந்து 18 மில்லிமீட்டர் வரை நிறமே மாறவில்லை. கம்பி இருந்தது 12-ல். நாலடிக்கு மூன்றடி இடத்தை வெட்டி எடுத்து, துரு நீக்கி, பாலிமர் கலவை போட வேண்டும். அதற்கும் பாத்ரூமுக்கும் வயரிங்குக்கும் சேர்த்து 2,80,000 என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கிறது, தூண்களில் குறை இல்லை என்றார்.

அதைவிடப் பெரியது சிவில்22 சார் சொன்ன ஓவர்ஹெட் டேங்க். நான்கு குட்டித் தூணில் ஒன்றில் என் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு விரிசல், உள்ளே கம்பி பாதிதான் மிச்சம். அதற்கு அடியில்தான் கீழ்வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் முதல் வேலையாகப் பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு, டேங்கில் கால்வாசிக்கு மேல் தண்ணீர் ஏற்ற வேண்டாம் என்று சங்கச் செயலாளரிடம் சொன்னார். அவருக்கு முகமே மாறிவிட்டது, எட்டு வீட்டில் ஒருவரும் இதைக் கவனித்ததில்லை.

ஓனரிடம் அறிக்கையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்தார். 3 லட்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார், டேங்க் வேலையில் தன் பங்கையும் பதிவுக்கு முன்பே கட்டிவிடுவதாகச் சொன்னார். இன்ஜினியருக்கு நாங்கள் கொடுத்தது 8,500. டேங்க் வேலைக்கு எட்டு வீடும் சம்மதித்துப் பணம் போட்டால்தான் அக்ரிமென்ட் என்று முடிவு செய்திருக்கிறோம், வக்கீல் ஐயா சொன்ன வரியோடு.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு சங்கக் கூட்டம். அறிக்கையை எட்டுப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் என் வீடு இல்லை என்றாலும் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன்.